எலும்புக்குள் கரைந்துபோகும் பொருள்: பாலிமரா, மெக்னீசியமா, இரண்டும் கலந்ததா?

எலும்பு முறிந்து பிளேட், ஸ்குரூ வைத்துக்கொண்டவர்கள் டாக்டரிடம் தவறாமல் கேட்கும் கேள்வி, "இதை எப்ப சார் எடுக்கணும்?" என்பது. எடுப்பதென்றால் மறுபடியும் மயக்க மருந்து, மறுபடியும் கீறல், மறுபடியும் செலவு. எலும்பு கூடியதும் தானே கரைந்துபோகும் பொருளில் அந்த ஸ்குரூவைச் செய்துவிட்டால் கேள்வியே எழாது. எலும்பே காணாமல் போன இடத்தில் புது எலும்பை வளர்க்க வைக்கும் நுண்துளைச் சாரத்துக்கும் இதே தேவைதான். கட்டடம் எழும்பியதும் சாரத்தைப் பிரிப்பதுபோல, எலும்பு வளர வளர அது விலகி வழிவிட வேண்டும்.

இதற்கு இன்று மூன்று வழிகள் இருக்கின்றன: கரையும் பாலிமர் (நீண்ட சங்கிலி மூலக்கூறுகளாலான பிளாஸ்டிக் வகை), கரையும் உலோகம், பாலிமருக்குள் உலோகத்தைக் கலந்த கலவை. மூன்றாவதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் "இரண்டின் நல்ல குணங்களும் ஒருசேரக் கிடைக்கும்" என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கலவையால் வலிமை பெரிதாகக் கூடுவதில்லை. அதன் லாபமெல்லாம் வேதியியலில் இருக்கிறது. அதுவும் இரண்டு பொருளும் ஏறக்குறைய ஒரே காலத்தில் கரைந்தால்தான் கைக்கு வரும்.

முதலில் பாலிமர். பாலிகிளைகோலிக் அமிலத்தில் செய்த கரையும் தையல் நூல் 1970-களிலிருந்தே அறுவை அரங்குகளில் இருக்கிறது. எலும்புக்கு அதிகம் பயன்படுவது அதன் உறவான பாலிலாக்டிக் அமிலம், குறிப்பாக அதில் பிஎல்எல்ஏ (PLLA) என்ற வகை. தண்ணீர் பட்டு அதன் சங்கிலிகள் மெல்ல அறுபடும். கடைசியில் லாக்டிக் அமிலம் மிஞ்சும். ஓடிக் களைத்த தசையில் சேர்கிற அதே பொருள்தான். உடல் அதைக் கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் மாற்றி வெளியேற்றிவிடும்.

குறை முதலில் தெரிவது கைவேலையில். கெட்டியான எலும்பின் விறைப்பு 15 முதல் 20 ஜிகாபாஸ்கல் (விறைப்பை அளக்கும் அலகு) என்றால், பிஎல்எல்ஏவுக்கு 3 சொச்சம். உலோக ஸ்குரூவைத் துளையில் வைத்து அப்படியே முறுக்கி ஏற்றிவிடலாம். பாலிமர் ஸ்குரூ அப்படி ஏறாது. துளைக்குள் மரையை முன்னதாகவே வெட்டிவைத்து, பிறகு பதமாகத் திருப்ப வேண்டும். கொஞ்சம் அழுத்தித் திருகினால் ஸ்குரூவின் தலை கையோடு வந்துவிடும், மிச்சம் எலும்புக்குள் நின்றுவிடும். எக்ஸ்ரேயிலும் அது தெரியாது. துளை மட்டும்தான் தெரியும்.

பெரிய குறை அமிலம். பிரான்சின் மொன்பெலியே நகரில் மிஷேல் வெர் குழுவினர் 1990-ஐ ஒட்டி ஒரு விநோதத்தைக் காட்டினார்கள். பருமனான பாலிலாக்டிக் துண்டு மேற்பரப்பைவிட உள்ளேதான் வேகமாகச் சிதைகிறது. ஓரத்தில் உண்டாகும் அமிலம் வெளியே கசிந்துவிடும். நடுவில் உண்டாவது சிக்கிக்கொண்டு, மிச்சமிருக்கும் சங்கிலிகளையும் அறுக்கும். வெளியே கெட்டியாக நிற்கும் துண்டு உள்ளே கூழாகியிருக்கும். ஓடு உடைகிற அன்று தேங்கிய அமிலம் மொத்தமாகத் திசுவில் இறங்கும். ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி மருத்துவர்கள், கிருமியே இல்லாமல் வீக்கமும் நீர்க்கசிவும் வருவதைத் தொடர்ந்து பதிவு செய்தார்கள். பாலிகிளைகோலிக் அமிலத்தில் செய்த எலும்பாணி வைத்தவர்களில் சிலருக்குச் சில மாதங்களில் வந்தது. பிஎல்எல்ஏவில் அது பல ஆண்டுகள் கழித்துக்கூட வரும்.

இனி உலோகம். இதில் மெக்னீசியத்துக்குத்தான் நீண்ட வரலாறு. 1878-ல் எட்வர்ட் ஹியூஸ் என்ற மருத்துவர் மெக்னீசியக் கம்பியால் ரத்தக் குழாயைக் கட்டினார். 1907-ல் பெல்ஜியத்தின் அறுவை மருத்துவர் அல்பின் லாம்போத் கால் முறிவுக்கு மெக்னீசியத் தகடு வைத்து, எஃகு ஆணிகளால் அறைந்தார். இரு உலோகமும் உப்புநீரில் தொட்டுக்கொண்டால் மின்கலம்போல் ஆகிவிடும். எட்டே நாளில் தகடு சிதைந்து, தோலுக்கடியில் வாயு திரண்டது.

மெக்னீசியத்தின் மொத்தச் சிக்கலும் அந்த வாயுதான். தண்ணீரோடு சேர்ந்து அது மெக்னீசியம் ஹைட்ராக்சைடாகும்போது ஹைட்ரஜன் வெளிவருகிறது. 1 கிராமுக்கு ஏறக்குறைய 1 லிட்டர். 0.2 கிராம் எடையுள்ள சின்ன ஸ்குரூ என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 200 மில்லி. அது ஓராண்டில் சீராகக் கரைந்தால் நாளுக்கு அரை மில்லிக்குச் சற்று மேல். ரத்தம் அதை அள்ளிக்கொண்டு போய்விடும். அதே ஸ்குரூ இரண்டே வாரத்தில் கரைந்தால் நாளுக்கு 14 மில்லி. எலும்பைச் சுற்றிக் குமிழி கட்டும். பொருள் ஒன்றுதான், அளவும் ஒன்றுதான். வேகம் மட்டும் அதை மருந்தாகவோ தொல்லையாகவோ ஆக்குகிறது.

வேகத்தை அடக்கிவிட்டால் மெக்னீசியத்துக்கு ஈடு இல்லை. விறைப்பு 45 ஜிகாபாஸ்கல். டைட்டானியத்தின் 110-ஐவிட எலும்புக்கு நெருக்கம். அடர்த்தியும் ஏறக்குறைய எலும்பினுடையதே. நம் உடலில் ஏற்கெனவே சுமார் 25 கிராம் மெக்னீசியம் இருக்கிறது, அதில் பாதிக்கு மேல் எலும்பில். அரிய மண் உலோகங்கள் சேர்த்த கலப்பு உலோகத்தில் செய்த மெக்னீசிய ஸ்குரூவுக்கு 2013-ல் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது. கால் பெருவிரல் கோணலைச் சரிசெய்யும் அறுவையில் 26 பேரிடம் டைட்டானியத்தோடு ஒப்பிட்டார்கள். ஆறு மாதத்தில் பலன் சமமாகவே இருந்தது. ஆனால் மணிக்கட்டின் படகெலும்பில் ஜெர்மன் மருத்துவர்கள் முயன்றபோது எலும்புக்குள் நீர்க்கட்டிபோன்ற வெற்றிடங்கள் தோன்றி, ஐந்து பேரோடு நிறுத்திக்கொண்டார்கள். ரத்த ஓட்டம் குறைந்த சின்ன எலும்பு அது. முன்சொன்ன அரை மில்லியை அள்ளிப்போக அங்கே ஆளில்லை என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

இரும்பும் துத்தநாகமும்கூட உடலில் கரையும். இரும்பு மிக மெதுவாகத் துருப்பிடிக்கும், துருவும் அங்கேயே தங்கிவிடும். துத்தநாகத்தின் வேகம் இரண்டுக்கும் நடுவில், பெரும் வாயுத் தொல்லையும் இல்லை. ஆனால் தூய துத்தநாகம் மிக மென்மை. எலும்புக்கு இப்போதைக்கு மெக்னீசியத்தோடு நின்றுகொள்ளலாம்.

கலவைக்கு வருவோம். பாலிமர் கரையும்போது அமிலத்தை விடுகிறது, மெக்னீசியம் காரத்தை (அமிலத்தை முறிக்கும் பொருளை) விடுகிறது. ஒன்றுக்குள் ஒன்றை வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று தணிக்கும். காகிதத்தில் கணக்குப் போட்டால், 1 கிராம் பிஎல்எல்ஏ முழுதும் சிதைந்து தரும் அமிலத்தைச் சரிக்கட்ட 0.17 கிராம் மெக்னீசியம் போதும். மேலும் பாலிமர் சூழ்ந்திருப்பதால் தண்ணீர் உள்ளே கலந்த மெக்னீசியப் பொடியை அடையத் தாமதமாகும். வாயுவும் ஒரேயடியாக வராது.

ஆனால் பிஎல்எல்ஏ முழுதாகக் கரைய இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள். அதன் அமிலம் பெருகுவது பின்பாதியில். பொடியாகக் கலந்த மெக்னீசியமோ அதற்கு வெகு முன்பே கரைந்து தீர்ந்திருக்கும். காரம் தேவைப்படும் நேரத்தில் காரம் இருக்காது. பிஎல்எல்ஏவோடு மெக்னீசியம் என்ற ஜோடியை நான் முதலிடத்தில் வைக்காததற்கு இதுவே காரணம். லாக்டிக்கும் கிளைகோலிக்கும் கலந்த பிஎல்ஜிஏ வேறு கதை. 50:50 விகிதத்தில் ஒன்றிரண்டு மாதம், 75:25-ல் நான்கைந்து மாதம். எலும்பு வளரும் காலமும் இதை ஒட்டியே வரும், பொடியும் இதே கால அளவில் தீரும்.

ஒரு கனசென்டிமீட்டர் சாரத்தில் எண்பது சதவீதம் துளை என்று வையுங்கள். திடப்பொருள் கால் கிராம்தான் தேறும். அதில் பத்து சதவீதம் மெக்னீசியம் என்றால் 0.025 கிராம், மொத்த ஹைட்ரஜன் 25 மில்லி, பத்து வாரத்தில் பரவினால் நாளுக்கு அரை மில்லிக்கும் குறைவு. அமிலத்திலும் பாதிக்கு மேல் அடங்கும். மிச்சத்தை உடல் திரவமே பார்த்துக்கொள்ளும்.

சீனாவின் ஷென்ஜென், ஹாங்காங் ஆய்வாளர்கள் இந்த வழியில்தான் போனார்கள்: பிஎல்ஜிஏ, ட்ரைகால்சியம் பாஸ்பேட் (எலும்பின் கனிமத்தை ஒத்த கால்சியம் பாஸ்பேட் வகை), மெக்னீசியப் பொடி மூன்றையும் குழைத்து, உறைகுளிரில் முப்பரிமாணமாக அச்சிட்ட சாரம். ஸ்டீராய்டால் எலும்பு செத்துப்போன முயல்களில் அதை வைத்து, எலும்பும் ரத்தக் குழாய்களும் நன்றாக வளர்வதைக் காட்டினார்கள். குளிரில் அச்சிடுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. பாலிமரை உருக்கிக் குழைக்கும் சூட்டில் மெக்னீசியம் பட்டால் பாலிமரின் சங்கிலிகள் அங்கேயே சிதையத் தொடங்கிவிடும். உருக்கிச் செய்யும் முறையில் பொடியை அதிகம் சேர்க்க முடியாமல் போவதற்கு இது ஒரு காரணம்.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி எழும். அமிலத்தைத் தணிக்கத்தான் வேண்டும் என்றால் கால்சியம் பாஸ்பேட்டே போதுமே, வாயுவும் வராதே? உண்மைதான். முழங்கால் தசைநாரைப் பொருத்தும் ஸ்குரூக்களில் 30 சதவீதம் கால்சியம் பாஸ்பேட் கலந்தவை ஏற்கெனவே சந்தையில் இருக்கின்றன. மெக்னீசியம் தன் இடத்தை வேறு வழியில் சம்பாதிக்க வேண்டும். அதற்கான நல்ல சான்று 2016-ல் வந்தது. எலிகளின் தொடை எலும்பில் மெக்னீசியம் வைத்தபோது, எலும்பின் மேலுறையிலுள்ள நரம்பு நுனிகள் சிஜிஆர்பி என்ற சமிக்ஞைப் பொருளை அதிகம் சுரந்து, எலும்பாக மாறும் செல்களைத் தூண்டின. கால்சியம் பாஸ்பேட் எலும்புக்குக் கட்டுமானப் பொருள் தருகிறது. மெக்னீசியம் கட்டும் வேலையையே முடுக்கிவிடுகிறது. அதனால் பொடியாக இரண்டையும் சேர்ப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

வலிமைக்காகக் கலவையை நாடுகிறவர்களுக்கு நான் தயக்கத்தோடுதான் பதில் சொல்வேன். பொடி கலந்தால் விறைப்பு ஓரளவு கூடும், ஆனால் பாலிமர் இன்னும் பாலிமர்தான். பொடிக்குப் பதில் மெக்னீசியக் கம்பியை ஓடவிட்டால் வளைவைத் தாங்கும். தண்ணீரோ கம்பியும் பாலிமரும் சேரும் இடைவெளி வழியே நுனியிலிருந்து உள்ளே நுழைந்துவிடும். மெக்னீசிய ஸ்குரூவுக்குப் பாலிமர் மேற்பூச்சு என்பதும் அப்படியே. பூச்சில் ஓர் ஊசித்துளை இருந்தாலும் அடியில் ஹைட்ரஜன் திரண்டு, கொப்புளமாக எழும்பிப் பூச்சு உரிந்துவரும்.

ஆகவே பாரம் தாங்கும் சின்ன ஸ்குரூ என்றால், ரத்த ஓட்டம் நன்றாக உள்ள எலும்பில், முழுக்க மெக்னீசியக் கலப்பு உலோகம். தாடை, முகம்போல் பாரம் குறைந்த இடத்துக்கோ தசைநாரைப் பொருத்தவோ பாலிமர், கால்சியம் பாஸ்பேட் கலந்ததாக இருந்தால் நல்லது. குழியை நிரப்பிப் புது எலும்பு வளர்க்க, பிஎல்ஜிஏவும் மெக்னீசியப் பொடியும் கலந்த சாரம். மற்ற இரண்டையும்விடப் புதிது என்றாலும் என் நம்பிக்கை அதன் மேல்தான். தொடை எலும்பு நடுவில் இரண்டாக ஒடிந்தால் மட்டும் மூன்றில் எதையும் கேட்காதீர்கள். அங்கே இன்றைக்கும் டைட்டானியக் கம்பியோ எஃகுக் கம்பியோதான் தாங்கும்.