அனேக் தமிழ்: தடியா அகலமா ஒரு ஃபான்ட் தேடுறவங்களுக்கு

கடை போர்டு, போஸ்டர், யூடியூப் தம்ப்நெயில்னு தமிழ்ல பெரிய எழுத்து வைக்கிற வேலை பாக்கறவங்களுக்காக இத எழுதுறேன். மும்பைல இருக்கிற ஏக் டைப்ங்கற ஃபான்ட் கம்பெனி கொண்டுவந்த அனேக் குடும்பத்துல தமிழுக்கும் ஒரு ஃபான்ட் இருக்கு, வரைஞ்சவர் ஆதர்ஷ் ராஜன், கூகுள் ஃபான்ட்ஸ்ல இலவசம். தடிமன் 100ல இருந்து 800 வரைக்கும், அகலம் 75ல இருந்து 125 வரைக்கும் நம்மளே நகர்த்திக்கலாம். அதுல எனக்கு ரொம்ப பிடிச்சது கடைசி மூலைல இருக்கிற எக்ஸ்பாண்டட் எக்ஸ்ட்ரா போல்டு, அதாவது அகலமும் தடிமனும் ரெண்டுமே உச்சத்துல இருக்கறது.

தமிழ் எழுத்த தடியாக்குறது லேசுப்பட்ட வேலை இல்லங்க. ண எடுத்துக்கோங்க, மூணு சுழி, கோடு தடிக்க தடிக்க சுழிக்குள்ள இருக்கிற வெள்ளை அடைச்சுக்கும், ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு பாத்தா அது ண-வா ன-வான்னே தெரியாது. தி, தீ கதையும் அதான், மேல இருக்கிற அந்த சின்ன சுழி அடைஞ்சா நெடில் போச்சு. இதுக்கு ஒரு நல்ல வழி பக்கவாட்டுல இடம் விடுறதுதான், அத இந்த ஃபான்ட்ல அழகா பண்ணிருக்காங்க. ண-வ மட்டும் பெருசாக்கி பாருங்க, மூணு சுழியும் தனித்தனியா தெரியும், கோடும் வெயிட்டா நிக்கும்.

நிறைய பேர் சாதா போல்டு ஃபான்ட்ட புடிச்சு 130 சதவீதம் இழுத்து விட்டுடுறாங்க. அப்படி இழுத்தா நிமிந்த கோடு மட்டும் குண்டாகும், படுத்த கோடு அப்படியே இருக்கும், பாக்கவே சகிக்காது. அகலமாவே வரைஞ்ச எழுத்துல அந்த கோணல் வராது. ஸ்டிக்கர் கட்டிங் பண்றவங்களுக்கும் இது நல்லது, சுழி ஓட்டை பெருசா இருந்தா உள்ள இருக்கிற வினைல் துண்ட ஊசி வச்சு நோண்டாம சுலபமா எடுத்துடலாம்.

ஆனா எல்லா எடத்துக்கும் இது ஆகாது. 'டீ', 'பரோட்டா', 'திறப்பு விழா' மாதிரி சின்ன வார்த்தைக்கு கம்பீரமா இருக்கும், அதுவே 'மனமார்ந்த நல்வாழ்த்துகள்'னு போட்டீங்கன்னா ஒரு வரில அடங்காது, அடக்கணும்னு சைஸ குறைச்சா தடி எழுத்து போட்டதே வீண். அந்த மாதிரி வரிக்கு இதே குடும்பத்துல அகலம் குறைஞ்ச கன்டென்ஸ்டு எடுத்துக்கோங்க, பக்கத்துல பக்கத்துல வச்சாலும் ஒரே கை எழுதின மாதிரிதான் இருக்கும். பத்தி பத்தியா படிக்கிற மேட்டருக்கு இந்த தடிமன் வேண்டவே வேண்டாம், கண்ணு வலிக்கும்.

இது யூனிகோட் ஃபான்ட், அதனால போட்டோஷாப், இன்டிசைன்ல தமிழ் உடைஞ்சு கொம்பும் காலும் தனித்தனியா வந்தா ஃபான்ட்ட திட்டாதீங்க, செட்டிங்ஸ்ல வேர்ல்டு ரெடி கம்போசருக்கு மாத்துங்க, சரியாயிடும். பழைய சாஃப்ட்வேர்ல இந்த மாதிரி தடிமன், அகலம் நகர்த்துற வேரியபிள் ஃபான்ட் எடுக்கலன்னா டவுன்லோடு பண்ண ஜிப்லயே ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனி ஃபான்ட் வச்ச ஸ்டாட்டிக் ஃபோல்டர் இருக்கு, அதுல இருக்கறத இன்ஸ்டால் பண்ணுங்க. ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ்ங்கறதால கஸ்டமர் வேலைக்கும் தாராளமா போடலாம்.

குறைன்னு சொன்னா ஒண்ணுதான், 800ஓட நின்னுடுச்சு. இவ்ளோ அகலம் கைல இருக்கும்போது இன்னும் தடியா ஒரு 900 பிளாக் வரைஞ்சு குடுத்தாங்கன்னா, நான் செய்யுற எல்லா போர்டுக்கும் அதத்தான் போடுவேன்.