சாவிக்கொத்து எங்கே போனது?

தைப்பொங்கலுக்கு லண்டனிலிருந்து போய் இலங்கை மலையகத்தில் எங்கள் ஊரில் மூன்று கிழமை இருந்துவிட்டு வந்தேன். ரயில் சீட்டுக்கு அலைந்த கதையும் வங்கியில் அரைநாள் நின்ற கதையும் என்னிடமும் இருக்கிறது. போய்வருகிற எவருக்கும் அது புதிதில்லை. காசல்ரீ நீர்த்தேக்கத்துப் பக்கம் ஒரு பகல் சாப்பாட்டில் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

தேயிலைத் தோட்டத்துத் துரையின் பழைய பங்களா ஒன்றை ஹோட்டலாக்கியிருக்கிறார்கள். எங்கள் தாத்தாவுக்கெல்லாம் அதன் பின்வாசலோடு சரி. அதனாலேயே சித்தப்பா குடும்பத்தை முன்வாசல் வழியாகக் கூட்டிப்போக வேண்டும் என்று எனக்கொரு வீம்பு. வரவேற்பு மேசைக்குப் பின்னால் சுவரில் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே பச்சை விளக்கு மினுங்க ஒரு ஏ.ஈ.டி. துடிப்பு தாறுமாறாகி வெறுமனே நடுங்கும் இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் மெஷின். நம்ம ஊரிலும் வந்துவிட்டதே என்று சித்தப்பாவுக்குக் காட்டினேன். லண்டனில் வேலையிடத்தில் இதற்கு அரைநாள் வகுப்பு போயிருக்கிறேன், நிஜத்தில் ஒருநாளும் தொட்டதில்லை.

சோறு பாதியில் இருக்கும்போது வெளியே சத்தம். சிவனொளிபாத மலைக்கு ஒரு குடும்பத்தை ஏற்றிவந்த வேன் டிரைவர் தேத்தண்ணிக் கோப்பையோடு சரிந்துவிட்டார். ஐம்பது வயது மதிக்கலாம். கை கால் ஒருதரம் வெட்டி இழுத்தது. "வலிப்பு, வலிப்பு" என்று யாரோ கத்த, ரிசெப்ஷன் பையன் ஓடிவந்து இரும்பு என்று எதையோ அவர் கைக்குள் திணித்தான். இன்னொருவர் முகத்தில் தண்ணீர் அடித்தார்.

"மூச்சு இருக்குங்க" என்றார் சமையல்கார ஐயா.

அது மூச்சில்லை. வாய் மீன் மாதிரித் திறந்து, குறட்டை போல ஒரு இழுப்பு. பிறகு ஒன்றுமில்லை. எண்ணிப் பார்த்தால் ஏழெட்டு விநாடி கழித்து இன்னொரு இழுப்பு. இதயம் நின்ற பிறகும் கொஞ்ச நேரத்துக்கு இப்படி இழுக்கும். பார்த்துக்கொண்டு நிற்பவர்கள் ஏமாறுவது இதில்தான். கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சு ஒழுங்கில்லை என்றால் நாடி தேடாமல் நெஞ்சை அழுத்து என்று வகுப்பில் சொன்னது அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது புண்ணியம்.

நான் குனிவதற்குள் பரிமாறிக்கொண்டிருந்த தம்பி முழங்காலில் இருந்து அழுத்தத் தொடங்கிவிட்டான். பக்கத்து டிவிசனில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளை. அட்டனில் ஏதோ முதலுதவி வகுப்புக்குப் போனவனாம். நெஞ்சு 5, 6 சென்டிமீட்டர் இறங்க வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. "ஒன்னு, ரெண்டு" என்று அவன் எண்ணிய வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சித்தப்பா அம்புலன்ஸ் இலக்கமான 1990க்கு போன் அடித்தார். தமிழிலேயே பேசினார்கள்.

நான் பெட்டிக்கு ஓடினேன். பூட்டு. மேனேஜர் அட்டனுக்குப் போயிருந்தார்.

"சாவி எங்கே தம்பி?"

"கொத்துல இருக்கு சார்."

"கொத்து எங்கே?"

மேசை லாச்சியைக் கவிழ்த்தான், கீழே குனிந்து தேடினான், பிறகு வெளியே பார்த்தான். கொத்து டிரைவரின் கையில் இருந்தது.

இதயம் சும்மா நடுங்கிக்கொண்டிருக்கும் அந்த நிலையில், யாரும் நெஞ்சை அழுத்தாவிட்டால் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறையும் என்பார்கள். சாவி தேடியதில் இரண்டு நிமிடமாவது போயிருக்கும். அந்தத் தம்பி அழுத்திக்கொண்டே இருந்ததால் அது முழு நட்டமாகவில்லை.

குளிருக்கு இரண்டு ஸ்வெட்டர். மெஷின் பையில் இருக்க வேண்டிய கத்தரிக்கோல் இல்லை. சமையல்கார ஐயாவின் கத்தியால் வெட்டித் திறந்தோம். முகத்தில் அடித்த தண்ணீர் நெஞ்செல்லாம் ஓடியிருந்ததால் மேசைத் துணியால் துடைத்தேன். நெஞ்சில் ஒட்டும் பேட் உறையில் தேதி முடிந்து ஒரு வருடத்துக்கு மேல். பச்சை விளக்கு எரிந்ததே என்றால், அது அந்தத் தேதிக்குச் சாட்சி சொல்லவில்லை. வேறு இல்லாதபோது அதையே ஒட்டுவதுதான் வழி. ஒன்று வலது காறையெலும்புக்குக் கீழே, மற்றது இடது அக்குளுக்குக் கீழே விலாவில். ஓரம் காய்ந்து கிளம்பியதை உள்ளங்கையால் தேய்த்து ஒட்ட வைத்தேன்.

மெஷின் ஆங்கிலத்தில் பேசியது. இதயத்துடிப்பைப் பார்க்கிறேன், யாரும் தொடாதீர்கள் என்றது. சமையல்கார ஐயா டிரைவரின் கையைப் பிடித்தபடி கந்தனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வேன்காரக் குடும்பத்து அம்மா காலைப் பிடித்திருந்தார். "தொடாதீங்க! அல்லன்ன எப்பா!" என்று தமிழ், சிங்களம் இரண்டு பாஷையிலும் நான் கத்திய கத்தில் தொண்டை கட்டிவிட்டது. மினுங்கிய பொத்தானை அமுக்கினேன். உடம்பு ஒருதரம் துள்ளி அடங்கியது.

மெஷின் கண்டவருக்கெல்லாம் அடிக்காது. துடிப்பு தாறுமாறாக நடுங்கினால்தான் அடிக்கச் சொல்லும். இதயம் முழுதாக ஓய்ந்துவிட்டால் அழுத்து என்று மட்டும்தான் சொல்லும். அடித்த கையோடு மறுபடி அழுத்த வேண்டும். நாங்கள் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறினோம். இரண்டாவது தடவை பார்த்துவிட்டு அடிக்கத் தேவையில்லை என்றது. அப்போதுதான் டிரைவர் முனகினார், என் கையைத் தட்டிவிடப் பார்த்தார்.

அம்புலன்ஸ் வர 25 நிமிடம். அந்தப் பாதையின் வளைவுகள் தெரிந்தவர்கள் குறை சொல்ல மாட்டார்கள். 2016இல் இந்திய உதவியோடு தொடங்கிய சேவை. ஒரு சதம் வாங்குவதில்லை. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நெஞ்சு வலி என்றால் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறிதான். டிரைவரை டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், பிறகு கண்டிக்கு மாற்றினார்களாம்.

சாயந்தரம் மேனேஜர் வந்தார். ஏன் பூட்டு என்றேன். "களவு போயிரும் சார்." எடுத்துக்கொண்டுபோய் லயத்தில் தேத்தண்ணி சுட வைக்கவா என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன், லண்டனிலும் சில பெட்டிகளுக்குப் பூட்டு உண்டு. ஆனால் அங்கே அவசர இலக்கமான 999க்கு அடித்தால் அதைத் திறக்கும் இலக்கத்தைச் சொல்லிவிடுவார்கள். சாவிக்கு மேனேஜரைத் தேட வேண்டியதில்லை.

பூட்டைக் கழற்றச் சம்மதித்தார். புது பேட் வாங்கித் தருவதாக நான் ஒப்புக்கொண்டேன், ஆகஸ்டில் போகிற மச்சான் கையில் கொடுத்தனுப்புகிறேன். அந்தத் தம்பி ஒரு பிஸ்கட் பெட்டி அட்டையைக் கிழித்து, தமிழிலும் சிங்களத்திலும் குமிழ்முனைப் பேனாவால் எழுதி மெஷின் பக்கத்தில் ஒட்டினான். முதல் வரி: "இங்கிலீஷ்ல பேசும். பயப்படாதீங்க."