கார்த்தேஜ் கண்ணாடித் தலை என்று சொல்லி 38,500 ரூபாயைச் சுருட்டிவிட்டார்கள்

ஆத்திரத்தில் எழுதுகிறேன், வார்த்தை முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பழம்பொருள் ஏலம் விடும் ஓர் ஆன்லைன் தளத்தில் 38,500 ரூபாய் போய்விட்டது.

வாங்கியது ஃபீனீசியர் என்ற பழங்காலக் கடல் வணிகர்களின் கண்ணாடித் தலைப் பதக்கம். கட்டைவிரல் அளவுதான். சுருள் தாடி, முழித்துப் பார்க்கும் பெரிய கண்கள், உச்சியில் கோத்துக்கொள்ள வளையம். கி.மு. 4, 3-ஆம் நூற்றாண்டுகளில் கார்த்தேஜில் (இன்றைய துனிசியாவில் இருந்த அவர்களின் நகரம்) செய்தவை சார்தீனியா, இபிசா தீவுகளின் கல்லறைகளில்கூடக் கிடைத்திருக்கின்றன. பழைய பாசிமணி சேர்ப்பவர்களுக்கு இதன் மேல் எவ்வளவு ஆசை என்று தெரியும்.

விற்றவர் அவசரப்படுத்தவே இல்லை. தாத்தா துனிசியத் தலைநகர் துனிஸில் வேலை பார்த்தபோது வாங்கியது என்றார். "தாடியில் இடதுபக்கம் ஒரு சுருள் உடைஞ்சிருக்கு சார், பார்த்துட்டு முடிவு பண்ணுங்க" என்று அவரே படமெடுத்து அனுப்பினார். குறையைத் தானாகச் சொல்கிற ஆளை எப்படிச் சந்தேகப்படுவது? அந்த இடத்தில்தான் நம்பினேன்.

பொருள் வந்தது. வெதுவெதுப்பான நீரில் நனைத்ததும் 'பழமை' எல்லாம் பழுப்புக் குழம்பாக ஓடியது. அந்தக் காலத்தில் களிமண் பூசிய உலோகக் கம்பியில் உருகிய கண்ணாடியைச் சுற்றித்தான் தலையை உருவாக்கினார்கள். அதனால் கம்பியை உருவிய துளைக்குள் சொரசொரப்பாக மண் ஒட்டியிருப்பது வழக்கம். என்னுடையதில் புது சோடா பாட்டில் மாதிரி பளபளப்பு. அப்புறம் அதே ஆள் இன்னொரு தலையை ஏலத்தில் போட்டார். நிறம் வேறு, ஆனால் தாடியில் இடதுபக்கம் அதே சுருள் உடைந்திருக்கிறது! கையால் ஒவ்வொன்றாகச் செய்த பொருளில் உடைசல்கூடவா ஒரே அச்சு?

கஸ்டமர் கேரில் முதலில் "விற்பனையாளரிடம் பேசுங்கள்" என்றார்கள். அவர் என்னை பிளாக் செய்திருந்தார். பிறகு "திருப்பி அனுப்பும் காலம் முடிந்தது" என்றார்கள். பார்சல் சுங்கத்தில் கிடந்த நாட்களும் அதில் சேர்த்தியாம். சான்றிதழைக் காட்டினால், அது விற்பனையாளரே கொடுத்தது, நாங்கள் பொறுப்பில்லை என்றார்கள். கடைசியில் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் என்று ஒரு கேள்வி. 38,500 ரூபாய் போனவனிடம்!

விரிவாக யோசனை எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமையில்லை. துளையின் உள்ளே படம் கேளுங்கள். அந்த ஆள் முன்பு விற்றதையெல்லாம் பாருங்கள். துனிசியாவிலிருந்து வந்தது என்றால் ஏற்றுமதிக் காகிதம் கேளுங்கள். 1994 சட்டப்படி அனுமதியில்லாமல் தொல்பொருளை அங்கிருந்து வெளியே கொண்டுவர முடியாது, அசலாக இருந்தாலும் சிக்கல்தான்.

வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன். தாடி உடைந்த தலை வேறு யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள், சேர்ந்தே சைபர் கிரைமுக்குப் போகலாம்.