பொம்மை முகத்துக்கு நைலானா, காடாவா, பனியனா?

பொம்மைக்கு மூக்கை வரைந்தால் போதாது, தொட்டால் புடைப்பாகத் தெரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் முதலில் முழிப்பது துணி விஷயத்தில்தான். பஞ்சு, ஊசி எல்லாம் அப்புறம்.

நைலான் ஸ்டாக்கிங், அதாவது கால் முழுக்கப் போடும் மெல்லிய காலுறை, எல்லாப் பக்கமும் இழுபடும். உள்ளே பாலியஸ்டர் பஞ்சை அடைத்து, நடுவில் கொஞ்சத்தை விரலால் கிள்ளிப் பிடித்து, இந்தப் பக்கம் குத்தி அந்தப் பக்கம் வாங்கி நூலை இழுத்தால் மூக்கு எழுந்து நிற்கும். கண் குழிய வேண்டுமா? கண் மூலையில் ஊசியை நுழைத்துப் பின்மண்டையில் எடுத்து இறுக்கி முடிச்சுப் போடுங்கள். அந்த முடிச்சைத் தலைமுடி மறைத்துவிடும். ஊசி தலையின் குறுக்களவைவிட நீளமாக இருக்க வேண்டும்; சாதாரணத் தையல் நூல் இழுக்கிற வேகத்தில் அறுந்துவிடும், தடித்த நூல்தான் சரி. முகம் கோணிவிட்டால் நூலை வெட்டினால் போதும், பழையபடி உப்பிக்கொள்ளும். தப்பை இவ்வளவு எளிதில் திருத்த விடும் துணி வேறில்லை.

ஆனால் நகம் பட்டால் இழை ஓடிவிடும். சூட்டுப் பசை பட்டால் ஓட்டைதான். பஞ்சைப் பிய்த்துவிடாமல் அடைத்தால் ஒவ்வொரு கட்டியும் வெளியே தெரியும். நான் முதலில் செய்த தாத்தாவின் நெற்றியில் இன்னும் ஒரு வீக்கம் இருக்கிறது. நல்லவேளை, தாத்தா. சுருக்கமும் தொய்வும் வயசான முகத்துக்கு அழகுதான், குழந்தை முகத்துக்கு ஆகாது.

காடாத்துணி மூலைவாட்டில் மட்டும் கொஞ்சம் இழுபடும். நூலை இழுத்து முகம் கொண்டுவரப் பார்த்தால் கொசகொசவென்று சுருங்கும். வடிவம் முழுவதும் வெட்டிலேயே இருக்க வேண்டும்: முகத்தை இரண்டு பாதியாக வெட்டி, மூக்கின் வளைவோடு நடுவில் தைக்க வேண்டும். பொறுமை வேண்டும். விரல்களுக்கு மட்டும் இதை அடிக்க ஆளில்லை. பொடித்தையல் போட்டு, 3 மி.மீ. ஓரம் விட்டு, விரலிடுக்கில் தையல் வரை நறுக்கிவிட்டுத் திருப்பினால் ஐந்தும் தனித்தனியாக நிற்கும்.

பனியன் துணி பெரும்பாலும் அகலவாட்டில் இழுபடும். கெட்டியாகச் சுற்றிய கம்பளி உருண்டையில் கண் மட்டத்தில் நூலைக் கட்டி, அதன்மேல் துணியைப் போர்த்தினால் நெற்றியும் கன்னமும் தானாகப் பிரியும். துவைக்கலாம், தூக்கிப் போட்டு விளையாடலாம். கோபம், கிண்டல் எல்லாம் இந்த முகத்தில் வராது. கைக்குழந்தைக்கு என்றால் இதுதான். கண்ணுக்கு மணியோ பொத்தானோ வேண்டாம், நூலால் தைத்துவிடுங்கள்.

முதல் பொம்மை அலமாரியில் நிற்கப்போகிறது என்றால் என் ஓட்டு நைலானுக்கு. இப்போது நான் முகத்தை நைலானிலும் கையைக் காடாவிலும் செய்கிறேன். இரண்டின் நிறமும் ஒத்துப்போகாது; அதனால் வெட்டுவதற்கு முன்பே காடாவைத் தேயிலைத் தண்ணீரில் ஊறப்போட்டு, ஸ்டாக்கிங் நிறத்துக்குப் பக்கத்தில் வந்ததும் எடுத்துவிடுவேன்.