செகண்ட் ஹேண்ட் பசிஃபிக்காவா, ஸ்குவையரா, எபிஃபோனா? கேஎல்ல எத வாங்கி எத மாத்தலாம்

கையில ஆயிரத்து ஐந்நூறுல இருந்து ரெண்டாயிரம் வெள்ளி, புதுசு வேணாம், பழசு எடுத்து கொஞ்சம் கொஞ்சமா அப்கிரேட் பண்ணிக்கலாம்னு நெனச்சு முடா, கரோசெல் மாதிரி பழசு விக்கிற ஆப்ல எலெக்ட்ரிக் கிட்டார் தேட ஆரம்பிச்சா கடைசியில இந்த மூணுலதான் வந்து நிப்பீங்க: யமஹா பசிஃபிக்கா 112வி, ஸ்குவையர் கிளாசிக் வைப் ஸ்ட்ராட், எபிஃபோன் லெஸ் பால் ஸ்டாண்டர்ட். இபானெஸ் ஆர்ஜியும் கிடைக்கும்தான், ஆனா அதுல பலதுல இருக்குற ஃப்ளாய்ட் ரோஸ் மாதிரி, ஸ்ட்ரிங்க பூட்டி வைக்கிற ப்ரிட்ஜ் வச்ச கிட்டார முதல்ல எடுத்தா ஸ்ட்ரிங் மாத்தவே ஒரு சாயங்காலம் போயிடும், அத இங்க சேக்கல.

பெரும்பாலும் எல்லாரும் கிட்டார் விலைய மட்டும்தான் பாக்குறாங்க. பாக்க வேண்டியது கிட்டார் விலை, கூட அத ஒழுங்கா வாசிக்க வைக்க ஆகுற செலவு, ரெண்டையும் சேத்து. இப்படி கணக்கு போட்டா பசிஃபிக்காதான் முந்துது, காரணம் மூணுல அதுதான் பொதுவா மலிவு, மிச்ச காசு நட்டுக்கும் (நெக் நுனியில ஸ்ட்ரிங் உக்கார்ற பள்ளம் வெட்டின துண்டு) ஃப்ரெட் (நெக் மேல பதிச்ச உலோகக் கம்பி) வேலைக்கும் செட்டப்புக்கும் (வாசிக்க வசதியா எல்லாத்தையும் சரிபண்றது) போகும்.

112வி ஆல்டர் பாடி, பிக்கப் (ஸ்ட்ரிங் அதிர்வ சிக்னலாக்குற பார்ட்) மூணு, ப்ரிட்ஜ் பக்கம் ரெண்டு காயில் சேந்த ஹம்பக்கர், மத்த ரெண்டும் சிங்கிள் காயில். டோன் நாப மேல இழுத்தா ஹம்பக்கர் பாதியா பிரிஞ்சு சிங்கிள் காயில் மாதிரி பேசும். கல்யாண டின்னர்ல வாசிக்கிறவங்களுக்கு இது எவ்ளோ உபயோகம்னு சொல்லவே வேணாம், எண்பதுகள் மெலடிக்கு க்ளீனா கார்டு அடிச்சுட்டு அடுத்த குத்துப் பாட்டுக்கு டிஸ்டார்ஷன் மிதிச்சா ஒரே கிட்டார் ரெண்டையும் தாங்கும். ஃபிங்கர்போர்டும் கொஞ்சம் தட்டை, வளைவு 13.75 இன்ச் ரேடியஸ், ஆக்ஷன் (ஃப்ரெட்டுக்கு மேல ஸ்ட்ரிங் நிக்கிற உயரம்) கீழ இருந்தாலும் ஸ்ட்ரிங்க தள்ளி பெண்ட் பண்ணும்போது நோட் சாகாது. ஒரு விஷயம் மட்டும் கவனம், விளம்பரத்துல சும்மா "பசிஃபிக்கா 112"னு போட்டிருப்பாங்க, போய் பாத்தா 112ஜே. 112ஜேல பிக்கப் காந்தம் செராமிக், 112வியில அல்னிக்கோ, ஜேக்கு அந்த இழுக்குற நாபும் கிடையாது. மெசேஜ்லயே "டோன் நாப் மேல வருதா பாஸ்?"னு கேட்டுட்டு கிளம்புங்க, பெட்ரோல் மிச்சம்.

ஸ்குவையர் கிளாசிக் வைப் கையில எடுத்தா ஆசை வந்துடும், ஒத்துக்கிறேன். முதல்ல சைனாவுல செஞ்சாங்க, 2019க்கு அப்புறம் இந்தோனேசியா, ரெண்டுலயுமே நல்ல பீஸ் இருக்கு. பிக்கப் ஏற்கனவே அல்னிக்கோ, அதனால முத மாசமே பிக்கப் மாத்துறது வீண் செலவு. ஆனா ஃப்ரெட் மெல்லிசா உயரமா இருக்கும், முன்னாடி வச்சிருந்தவர் அழுத்தி வாசிக்கிற ஆளுன்னா சீக்கிரம் பள்ளம் விழுந்திருக்கும், லெவல் பண்ண செலவு ஆகும். நெக் மேல பளபள ஃபினிஷ் வேற, நம்ம ஊரு வேர்வைக்கு கை ஒட்டும். அப்புறம் ஹம், அதாவது ஆம்ப்ல வர்ற இரைச்சல். ஹால்ல லைட்டு டிம்மர் ஓடுதுன்னா சிங்கிள் காயில் நல்லாவே இரையும். உள்ள காப்பர் டேப் ஒட்டினா எல்லாம் போயிடும்னு சொல்றாங்க, டேப்பு கரகரன்னு வர்ற சத்தத்த குறைக்கும், ஆனா கரண்ட்டோட அந்த 50 ஹெர்ட்ஸ் ஹம் காந்தப்புலம் வழியா காயில்லயே ஏறுது, அத டேப் தடுக்காது. ஸ்ட்ராட் சவுண்டு மட்டும்தான் வேணும்னு தெளிவா இருக்குறவங்க எடுங்க, இல்லன்னா விடுங்க.

எபிஃபோன் வேற ரகம். ஸ்கேல் (நட்டுல இருந்து ப்ரிட்ஜ் வரை ஸ்ட்ரிங் நீளம்) 24.75 இன்ச், மத்த ரெண்டும் 25.5, அதனால கொஞ்சம் தடிச்ச 10 கேஜ் ஸ்ட்ரிங் போட்டாலும் விரலுக்கு சாஃப்டா இருக்கும். ரெண்டு ஹம்பக்கர், ஹம் தொல்லை இல்ல. 2020ல மாடல புதுசாக்கினப்ப சிடிஎஸ் கம்பெனியோட பாட் (வால்யூம், டோன் நாபுக்கு அடியில இருக்குற பார்ட்) போட்டுட்டாங்க, அதுக்கப்புறம் வந்தத எடுத்தா எலெக்ட்ரிக் பக்கம் கை வைக்கவே வேணாம். தலவலி எங்கன்னா ட்யூனிங். ஹெட்ஸ்டாக்ல (நெக்கோட தலப்பகுதி) ட்யூனர் பக்கத்துக்கு மூணா இருக்குறதால டி, ஜி ஸ்ட்ரிங் நட்டத் தாண்டினதும் சைடுல திரும்பிப் போகும், நட்டுல மாட்டிக்கும், ஜிய ஒரு பெண்ட் அடிச்சா "டிங்"னு சத்தம் வந்து சுருதி மாறிடும். இதுக்குப் போய் ஸ்ட்ரிங்க பூட்டிப் புடிக்கிற லாக்கிங் ட்யூனர் வாங்குறாங்க! நட்டு ஸ்லாட்ட அளவா ஃபைல் பண்ணி பென்சில் கரி தடவினாலே பாதி சரியாகும், இல்லன்னா கிராஃப் டெக் கம்பெனியோட வழுக்குற நட்டு போடுங்க. எடையும் ஏறக்குறைய 4 கிலோ வரும், மூணு மணி நேரம் நின்னு வாசிச்சுட்டு தோள் என்ன சொல்லுதுன்னு கேளுங்க.

இப்ப விக்கிறவங்க கதைக்கு வருவோம். "செமோர் டங்கன் பிக்கப் போட்டாச்சு, ட்யூனர் மாத்தியாச்சு, ஃபுல் அப்கிரேட், நோ நெகோ." இந்த அப்கிரேட் காச முழுசா நீங்க கட்டணும்னு அவசியமே இல்ல, நாளைக்கு நீங்க விக்கும்போதும் யாரும் கட்ட மாட்டாங்க. பழைய பார்ட்ஸ் இருக்கான்னு கேளுங்க, இருந்தா மட்டும் கொஞ்சம் ஏத்திக் குடுக்கலாம். பிக்கார்டு கழட்டின போட்டோ அனுப்பச் சொல்லுங்க, சால்டர் உருண்டை உருண்டையா கருப்பா இருந்தா வீட்டு வேலை. ஹம்பக்கருக்கு 250கே பாட் போட்டிருந்தா சத்தம் மந்தமா இருக்கும், அங்க வேண்டியது 500கே.

பாக்கப் போகும்போது எல்ஆர்டி ஸ்டேஷன்ல சிஓடின்னா (நேர்ல பாத்து காசு குடுத்து வாங்குறது) ஆம்ப் இருக்காது, ஜாம் ஸ்டூடியோல ஒரு மணி நேரம் எடுத்தாலும் பரவால்ல, இல்ல ஒரு ஹெட்ஃபோன் ஆம்ப்பாவது கொண்டு போங்க. ஆறாவது ஸ்ட்ரிங்க முத ஃப்ரெட்லயும் கடைசி ஃப்ரெட்லயும் அழுத்திப் புடிச்சு ஏழாவது ஃப்ரெட்கிட்ட இடைவெளி பாருங்க, ஒரு மெல்லிசு அட்டை போற அளவு இருந்தா நெக் ஓகே. அதுக்கு மேல வளைஞ்சிருந்தா ட்ரஸ் ராட (நெக் உள்ள இருக்குற, வளைவ சரிபண்ற கம்பி) திருப்பிக் காட்டச் சொல்லுங்க, தல தேஞ்சு போன ராடுன்னா என்ன விலைன்னாலும் வேணாம். அப்புறம் பசிஃபிக்காவுலயும் ஸ்குவையர்லயும் சேடில் (ப்ரிட்ஜ்ல ஸ்ட்ரிங்க தாங்குற துண்டு) ஸ்க்ரூ. நம்ம ஹியூமிடிட்டிக்கும் வேர்வைக்கும் முதல்ல துருப்பிடிக்கிறது அதுதான், ஆலன் கீ புடிக்காத அளவுக்கு துருவேறியிருந்தா ஆக்ஷன் இறக்கவே முடியாது, பேரம் பேச இதவிட நல்ல பாயிண்ட் இல்ல.

வாங்கினதும் வேலை வரிசை எனக்கு இதுதான்: புது ஸ்ட்ரிங், செட்டப், நட்டு, தேவைன்னா ஃப்ரெட், அப்புறம் ஜாக்கும் ஸ்விட்சும். பிக்கப் கடைசி. பசிஃபிக்காவுக்கு மட்டும் ப்ரிட்ஜ் ஹம்பக்கர் மாத்துறது ஓரளவு அர்த்தம் உள்ள செலவு, அதுவும் ஒரு ஆறு மாசம் வாசிச்சுப் பாத்துட்டு.

எபிஃபோன்ல நட்டுக்குப் பின்னாடி போன் டார்ச் அடிச்சு கோடு ஏதும் ஓடுதான்னு பாக்காம காசு குடுக்காதீங்க, கீழ விழுந்தா உடையிறது அந்த இடம்தான். உடைஞ்சு ஒட்டினதுன்னு அவங்களே சொல்லி பாதி விலைக்குப் போட்டிருந்தா, ஒட்டு சுத்தமா இருந்து ட்யூனிங் நின்னா தாராளமா எடுக்கலாம், ஒழுங்கா ஒட்டின மரம் நல்லாவே தாங்கும்.