டின்டட் மாய்ஸ்சரைசர்: இரண்டேகால் ஆண்டுகள் பூசிப் பார்த்த பிறகு

அன்றாட ஒப்பனைக்கு ஃபவுண்டேஷனை விட்டுவிட்டு, லேசாக நிறம் கலந்த முகக் கிரீமான டின்டட் மாய்ஸ்சரைசருக்கு நான் மாறி இரண்டேகால் ஆண்டுகள் ஆகின்றன. இதற்குள் ஆறு டியூப்கள் வாங்கியிருக்கிறேன். அவற்றில் மூன்று ஒரே வகை. தீரத் தீர அதையே வாங்கினேன். அதற்கு முன் வாங்கிய மூன்றும் பாதிகூடத் தீராமல் ஒதுக்கப்பட்டவை. எதை வாங்குவது என்று யோசிப்பவர்களுக்கு அந்த மூன்றும் ஏன் தோற்றன என்பதுதான் அதிகம் பயன்படும் என்று நினைக்கிறேன்.

என் தோல் மாநிறம். நெற்றியும் மூக்கும் நண்பகலுக்குள் எண்ணெய் வழியும், கன்னங்கள் மட்டும் வறண்டு இழுக்கும். தாடையை ஒட்டிப் பரு ஆறிய கருந்தடங்கள் உண்டு. வாயைச் சுற்றியுள்ள நிறம் கன்னத்தைவிட ஒரு படி ஆழமானது. ஃபவுண்டேஷன் இவை எல்லாவற்றையும் ஒரே நிறமாக மூடிவிடும். ஆனால் மாலையில் வறண்ட கன்னத்தில் அது செதில் செதிலாகத் தெரியும். அதுதான் என்னை மாற வைத்தது.

டின்டட் மாய்ஸ்சரைசர் என்பது அடிப்படையில் ஒரு முகக் கிரீம். கிளிசரின் போன்ற ஈரம் காக்கும் பொருள்களும், வழுவழுப்புக்குச் சிலிக்கோன்களும் உள்ள அந்தக் கிரீமில் மஞ்சள், சிவப்பு, கறுப்பு ஆகிய இரும்பு ஆக்சைடுகளையும் வெள்ளை நிற டைட்டானியம் டை ஆக்சைடையும் ஃபவுண்டேஷனைவிடக் குறைந்த அளவில் கலக்கிறார்கள். ஷேட் என்று நாம் சொல்வதெல்லாம் இந்த நிறமிகளின் விகிதம்தான். என் முதல் டியூப் தோற்ற காரணமும் இந்த விகிதத்தில்தான் இருந்தது. சூரியப் பாதுகாப்புக்காக வெள்ளை நிறத் துத்தநாக ஆக்சைடு நிறையச் சேர்த்த வகை அது. குழாய் விளக்கின் கீழ் பளிச்சென்று இருந்த முகம், வெளியே வந்ததும் நீறு பூத்தது போல் சாம்பலாகத் தெரிந்தது. முதலில் ஷேட்தான் வெளிர் என்று எண்ணி ஒரு படி ஆழமானதை மாதிரிக்குப் பூசிப் பார்த்தேன். அதுவும் சாம்பல்தான், சற்று இருண்ட சாம்பல். வெள்ளை நிறமி மிகுந்திருக்கும்போது அதை ஈடுகட்டும் மஞ்சளும் சிவப்பும் போதாவிட்டால், மாநிறத்திலும் கறுப்பு நிறத்திலும் இப்படித்தான் நேரும். ஷேட் எண்ணை மாற்றிப் பயனில்லை, வகையையே மாற்ற வேண்டும் என்று அப்போது புரிந்தது.

இரண்டாவது டியூப் இதற்கு நேர்மாறானது. பூசும்போது கச்சிதமாக இருந்த நிறம் ஒரு மணி நேரத்தில் செம்மஞ்சளாக ஏறியது. கிரீமில் உள்ள நீர் ஆவியாகி, நிறமி தோலின் எண்ணெயோடு கலக்கும்போது நிறம் ஆழமாகத் தெரிவது வழக்கம்; எண்ணெய்த் தோலில் இது கூடுதலாகவே நடக்கும். ஆகவே இப்போதெல்லாம் மணிக்கட்டிலோ புறங்கையிலோ தடவிப் பார்த்து ஷேட்டை முடிவு செய்வதே இல்லை. தாடையிலிருந்து கழுத்துவரை ஒரு கோடு இழுத்துவிட்டு, அரை மணி நேரம் வேறு வேலை பார்த்துவிட்டு, ஜன்னலோர வெளிச்சத்தில் கண்ணாடியில் பார்ப்பேன். கோடு எங்கே தொடங்குகிறது என்று தேட வேண்டியிருந்தால் அது என் ஷேட். முகத்தின் நிறத்தைவிடக் கழுத்தின் நிறத்தோடு ஒத்துப்போவதே முக்கியம், ஏனெனில் கழுத்தில் நாம் எதையும் பூசப் போவதில்லை.

டியூபின் மேல் எஸ்.பி.எஃப். (வெயிலிலிருந்து காக்கும் அளவைக் காட்டும் எண்) 30 என்று அச்சிட்டிருப்பதை நம்பிச் சன்ஸ்கிரீனைக் கைவிட்ட தவறை நானும் சில மாதங்கள் செய்தேன். அந்த எண், ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் வீதம் பூசிச் சோதித்துக் கிடைப்பது. முகம் முழுவதற்கும் அந்தக் கணக்கில் ஒரு கிராமுக்கும் மேல் வேண்டும்; நான் எடுப்பதோ ஒரு பெரிய பட்டாணி அளவு. ஒரு கிராமுக்கும் மேல் பூசினால் அது அன்றாட ஒப்பனையாக இருக்காது. மங்கு உள்ளவர்களுக்கு இரும்பு ஆக்சைடு கலந்த நிறச் சன்ஸ்கிரீனைத் தோல் மருத்துவர்கள் பரிந்துரைப்பது உண்மைதான், கண்ணுக்குப் புலப்படும் ஒளியையும் அது ஓரளவு தடுக்கும். ஆனால் அங்கும் பூசும் அளவே கணக்கு. ஆகவே அடியில் சன்ஸ்கிரீன் தனியாக, தாராளமாக.

இந்த இரண்டு அடுக்குகளுக்கு இடையில்தான் மூன்றாவது டியூப் தோற்றது. சன்ஸ்கிரீனின் மேல் தேய்த்ததும் புருவ ஓரத்திலும் முடிக்கோட்டிலும் அழிரப்பர் துகள்கள் போல் திரிதிரியாக உருண்டு வந்தது. பத்து நிமிடம் காத்திருந்து பூசினால் குறைந்தது, முற்றிலும் நிற்கவில்லை. அந்த இரண்டு தயாரிப்புகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. புதிதாக எதை வாங்கினாலும், தான் வழக்கமாகப் பூசும் சன்ஸ்கிரீனின் மேல் வைத்தே சோதித்துப் பார்ப்பது நல்லது.

இப்போதைய முறை எளிது. விரல்களில் எடுத்துச் சூடேற்றி, மூக்கை ஒட்டிய கன்னத்தில் தொடங்கி, தேய்க்காமல் ஒற்றி ஒற்றி வெளிப்புறமாகப் பரப்புகிறேன். ஈர ஸ்பாஞ்ச் பாதியைக் குடித்துவிடுகிறது. தாடையிலுள்ள தடங்களின் மேல் மட்டும் ஒரு பொட்டுக் கன்சீலர்; மூக்கின் இரு பக்கமும் சிறிது பவுடர். ஆழ்ந்த தழும்புகளை முழுவதும் மறைக்க விரும்புபவர்களுக்கு இது போதாது, அவர்களுக்கு ஃபவுண்டேஷனே சரி.

எட்டு மணி நேரம் கழிந்தபின் மூக்கு மடிப்பில் சிறிது சேர்ந்திருக்கும், கைபேசித் திரையில் கன்னத்தின் தடம் பழுப்பாகப் படிந்திருக்கும். கன்னம் மட்டும் மாலைவரை இழுக்காமல், செதிலாகாமல் இருக்கிறது. எனக்கு வேண்டியிருந்தது அதுதான். இரவில் உலர்ந்த முகத்தில், ஒப்பனையைக் கரைக்கும் எண்ணெய்ப் பசையான கிளென்சிங் பாமைத் தேய்த்துக் கரைத்த பிறகே ஃபேஸ் வாஷ் போடுகிறேன். ஃபேஸ் வாஷ் மட்டும் பயன்படுத்திய நாட்களில் துவாலையில் நிறம் ஒட்டியது, தாடையில் பொடிப்பொடியாகக் கட்டிகளும் வந்தன. பாம் சேர்த்த பின் இரண்டும் நின்றன.

50 மில்லி டியூப் எனக்கு ஏழெட்டு மாதம் வருகிறது. டியூபில் அச்சிட்ட திறந்த சிமிழ்ப் படத்துக்குள் 12 என்று போட்டிருக்கிறது; திறந்ததிலிருந்து 12 மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது அதன் பொருள். அந்தக் கெடுவுக்குள் தீர்ந்துவிடுகிறது. வெயில் காலத்தில் கழுத்தும் கறுத்துவிடுவதால், அடுத்த முறை அதே வகையில் ஒரு படி ஆழமான ஷேட்டையும் சேர்த்து வாங்கி, உள்ளங்கையில் இரண்டையும் கலந்து பூசலாம் என்றிருக்கிறேன்.