பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டேன்: ஸ்டுடியோ மானிட்டருக்கு நான்கு ஆம்ப்

என்னிடம் இருப்பது ஒரு ஜோடி யமஹா என்எஸ்-10எம் ஸ்டுடியோ, அதாவது ஒலிப்பதிவு வேலைக்கான ஸ்பீக்கர் (மானிட்டர்). கறுப்புப் பெட்டி, வெள்ளைக் கூம்பு. ஒலிப்பதிவுக் கூடங்களின் படங்களில் எங்காவது பார்த்திருப்பீர்கள். 1978இல் வீட்டில் பாட்டுக் கேட்பதற்கென்று வந்த மாடலை ஸ்டுடியோக்காரர்கள் மிக்ஸிங் மேசைமேல் ஏற்றிக்கொண்டார்கள். அதனால் 1987இல் அவர்களுக்கென்றே ட்ரெபிளுக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரைத் திருத்தி, பெட்டியைப் படுக்கவைக்கும்படி இந்த ஸ்டுடியோ மாடல் வந்தது. 2001இல் உற்பத்தி நின்றுவிட்டது. என் ஜோடி இரண்டு கை மாறி என்னிடம் வந்தது.

இதற்குள் ஆம்ப், அதாவது சிக்னலைப் பெருக்கி ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்ளிஃபையர், கிடையாது. இன்று விற்கும் மானிட்டர்களில் பெரும்பாலானவை ஆம்ப்பை வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டு வருபவை. அவற்றை வாங்குபவருக்கு இந்தக் கவலை இல்லை. என்னைப்போல் பழைய பாஸிவ் ஸ்பீக்கரின்மேல் ஆசைப்பட்டவர்கள் ஆம்ப்பைத் தனியாகத் தேடத்தான் வேண்டும். இரண்டு ஆண்டுகளில் நான்கு ஆம்ப் என் மேசைக்கடியில் வந்தன; மூன்று போயின, நான்காவது தங்கிவிட்டது.

என் வேலை கதை வாசித்துப் பதிவு செய்வது, நண்பர்களின் பாட்டுகளை மிக்ஸ் செய்வது. சின்ன அறை. ஸ்பீக்கருக்கும் என் காதுக்கும் ஒரு மீட்டர் தூரம். பெரும்பாலும் இரவில்தான் உட்காருவேன், சத்தம் குறைவாகத்தான் வைப்பேன். கீழே சொல்வதெல்லாம் இந்தச் சூழலுக்கு. பெரிய ஹாலில் வைத்துக் கேட்பவருக்குக் கணக்கு வேறு.

முதலில் வைத்தது வீட்டில் ஏற்கெனவே இருந்த ஹைஃபை ஆம்ப். கேட்க இனிமையாகத்தான் இருந்தது. ஆனால் நான் செய்த மிக்ஸ் எல்லாம் வெளியே போனதும் பேஸ் இல்லாமல் வறண்டு ஒலித்தன. சில வாரம் கழித்துத்தான் காரணம் கண்டுபிடித்தேன்: 'லவுட்னஸ்' பட்டன் உள்ளே அழுந்தியே இருந்தது. குறைந்த சத்தத்தில் நம் காதுக்குப் பேஸ் குறைவாகக் கேட்கும். அதை ஈடுகட்ட இந்தப் பட்டன் பேஸை ஏற்றிக் கொடுக்கும். பாட்டில் இல்லாத பேஸை நான் இருப்பதாக நினைத்துக் குறைத்துக்கொண்டே போயிருக்கிறேன். ஹைஃபை ஆம்ப்பை மானிட்டருக்கு வைப்பதில் தவறே இல்லை, நல்ல ஆம்ப்கள் நிறைய உண்டு. ஆனால் 'டைரக்ட்' பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள். பேஸ், ட்ரெபிள், லவுட்னஸ் எல்லாவற்றையும் அது ஒரே அழுத்தில் விலக்கிவிடும்.

பட்டனை எடுத்துவிட்ட பிறகும் ஒரு தொல்லை மிச்சமிருந்தது. வால்யூம் குமிழை அடியில் வைத்தால் இடதுபக்கம் கொஞ்சம் ஓங்கி ஒலித்தது. பழைய வகைக் குமிழ்களில் இது சகஜம்: இரண்டு சேனலின் தடங்களும் நடுப்பகுதியில் ஒத்துப்போகும், அடிப்பகுதியில் ஒத்துப்போகாது. இரவில் நான் வைப்பதோ அந்த அடிப்பகுதியில். மோனோவில் பதிவான ஒரு குரலை ஓடவிட்டுக் குமிழை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். குரல் நடுவிலேயே நிற்க வேண்டும். பக்கவாட்டில் நகர்ந்தால் அந்தக் குமிழை நம்பி எந்தக் கருவியையும் இடம் வலம் பிரித்து வைக்க முடியாது.

அடுத்து, 'வாட் நிறைய வேண்டும்' என்று ஒரு நண்பர் தன் மேடை ஆம்ப்பைக் கொடுத்தார். 8 ஓம் மின்தடை உள்ள ஸ்பீக்கரில் சேனலுக்கு 300 வாட். இங்கேதான் நான் வாட் கணக்கையே உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன், போட்டதும் கண் திறந்தது.

இந்த ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்தால் 1 மீட்டரில் 90 டெசிபெல் வரும். நான் வேலை செய்வது சராசரி 80 டெசிபெல்லுக்குப் பக்கத்தில். பத்து டெசிபெல் குறைய வேண்டுமென்றால் பத்தில் ஒரு பங்கு மின்திறன் போதும். அதாவது ஒரு ஸ்பீக்கருக்கு 0.1 வாட்! டிரம் அடி போன்ற உச்சங்கள் சராசரிக்கு மேல் 20 டெசிபெல் எகிறும் என்று வைத்துக்கொண்டால், அது நூறு மடங்கு: 10 வாட். எப்போதாவது சத்தத்தை ஏற்றி 86 டெசிபெல்லில் கேட்டால் உச்சத்துக்கு 40 வாட். அவ்வளவுதான். 50 முதல் 100 வாட்டுக்குள் இருக்கும் நேர்மையான ஆம்ப் எனக்குத் தாராளம். ஸ்பீக்கரின் முதுகிலும் 60 வாட், உச்சத்துக்கு 120 வாட் என்றுதான் போட்டிருக்கிறது.

அதற்காக 10 வாட் ஆம்ப் போதும் என்று இறங்கிவிடவும் கூடாது. உச்சம் வரும்போது ஆம்ப் எட்டமுடியாமல் அலையின் தலையை வெட்டிவிட்டால் டிரம்மின் அடி மழுங்கும், சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை அடக்கும் உங்கள் கம்ப்ரஸர்தான் காரணமென்று நினைத்து அதைத் திருப்பிக்கொண்டிருப்பீர்கள். வெட்டியபடியே நெடுநேரம் ஓடினால் ட்வீட்டருக்கும் ஆபத்து.

சரி, 300 வாட் இருந்தால் என்ன நஷ்டம்? இதற்குப் பதில் எனக்கு மிக்ஸிங் சொல்லிக்கொடுத்த சாரிடமிருந்து வந்தது. ஒருநாள் வந்திருந்தவர் பாட்டு எதுவும் போடச் சொல்லவில்லை. கணினிக்கும் ஆம்ப்புக்கும் நடுவே இருக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸின் வால்யூமை முழுக்க இறக்கச் சொன்னார், ஆம்ப்பை ஆன் செய்யச் சொன்னார், என் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"என்ன சார் கேக்குறீங்க?"

"பாட்ட நிறுத்திட்டுக் கேளும்மா. இந்தச் சத்தத்துக்கு மேலதானே நீ மிக்ஸ் பண்ணிட்டிருக்க?"

ட்வீட்டரிலிருந்து உஸ்ஸென்று ஓர் இரைச்சல், கீழே மின்விசிறியின் ஊதல். இத்தனை நாளாக இரண்டையும் என் காது பழகி ஒதுக்கிவிட்டிருந்தது. அதே அறையில் மைக் வைத்து வாசிக்கும்போது விசிறிச் சத்தம் பதிவிலும் ஏறியிருந்ததை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

மேடையில் இந்த இரைச்சல் யாருக்கும் கேட்காது. ஒரு மீட்டரில் கேட்கும். கடைப்பட்டியலில் எல்லா ஆம்ப்புக்கும் 'சிக்னல்-இரைச்சல் விகிதம் 100 டெசிபெல்' என்று ஒரே மாதிரி எழுதியிருக்கும்; அதை அப்படியே ஒப்பிடக் கூடாது. அந்த எண் பெரும்பாலும் முழு வாட்டை அளவுகோலாக வைத்து எழுதுவது. 50 வாட் ஆம்ப் 8 ஓமில் முழுசாகக் கொடுப்பது 20 வோல்ட். அதற்கு 100 டெசிபெல் கீழே (வோல்ட்டில் லட்சத்தில் ஒரு பங்கு) என்றால் இரைச்சல் 0.2 மில்லிவோல்ட். 200 வாட் ஆம்ப் கொடுப்பது 40 வோல்ட். அதே 100 டெசிபெல்லுக்கு 0.4 மில்லிவோல்ட். காகிதத்தில் எண் ஒன்று, ஸ்பீக்கர் முனையில் இரைச்சல் இரு மடங்கு. 'எஞ்சிய இரைச்சல்' என்று மைக்ரோவோல்ட்டில் நேரடியாக எழுதியிருந்தால் அதைத்தான் நம்புவேன்.

இன்னொன்று, கெய்ன். மேடை ஆம்ப்கள் உள்ளே வருவதை 32 டெசிபெல் அல்லது அதற்கும் மேல் பெருக்கித் தரும். 32 என்றால் வோல்ட் கணக்கில் சுமார் 40 மடங்கு. எனக்கு வேண்டிய 0.1 வாட்டுக்கு வெளியே 0.9 வோல்ட் வந்தால் போதும். அப்படியானால் இன்டர்ஃபேஸிலிருந்து 22 மில்லிவோல்ட்டுதான் போக வேண்டும். அதற்காக மானிட்டர் குமிழை அடிமட்டத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மயிரிழை திருப்பினாலும் சத்தம் எகிறும். இன்டர்ஃபேஸின் சொந்த இரைச்சலும் நாற்பது மடங்காகி வெளியே வரும். ஆம்ப்பின் முகப்பில் இருக்கும் குமிழ்களைப் பாதிக்கு இறக்கினால் இந்தப் பகுதி சரியாகும். ஆனால் அவை உள்ளே வரும் சிக்னலைத்தான் குறைக்கின்றன; ஆம்ப்பே உண்டாக்கும் உஸ் அப்படியேதான் இருக்கும். 26 டெசிபெல் கெய்ன், அதாவது 20 மடங்கு, வீட்டுக்கு வசதியான அளவு என்பது என் முடிவு. புதிதாக வாங்குபவர்கள் உள்ளீட்டு அளவை மாற்றும் சுவிட்ச் இருக்கிறதா என்று பார்க்கலாம். கிரவுன் எக்ஸ்எல்எஸ் 1002இல் 0.775 வோல்ட், 1.4 வோல்ட் என்று இரண்டு நிலை உண்டு. 1.4இல் வைத்தால் கெய்ன் குறையும்.

மூன்றாவது உள்ளங்கை அகல கிளாஸ் டி ஆம்ப் (சிக்னலை வேகமான ஆன்-ஆஃப் துடிப்புகளாக்கிப் பெருக்கும் வகை). மடிக்கணினிக்கு வருவதுபோல் தனி அடாப்டர். இதைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயமே உண்டு: சூடில்லை, விசிறியில்லை, மேசையில் இடம் கேட்கவில்லை, இரைச்சலும் மிகக் குறைவு. ஆரம்பத்தில் ஆம்ப்புக்கென்று அதிகம் ஒதுக்க முடியாதவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் வாட்டை மட்டும் நம்ப வேண்டாம். அது பல நேரம் 4 ஓமில், 10 சதவீத டிஸ்டார்ஷனில் (ஒலிச் சிதைவில்) எடுத்த எண். 8 ஓமில் சுத்தமாக வருவது அதில் பாதிக்கும் கீழே போகலாம். ஊதிப் பெருக்கிய பழைய பிஎம்பிஓ வாட் எண்களைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

நான் அதை ஏன் மாற்றினேன் என்றால், மேல் ட்ரெபிள். இந்த வகையில் சிப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ஒரு ஃபில்டர் இருக்கும். ஸ்பீக்கரின் ஓம் மாறினால் அந்த ஃபில்டரின் நடத்தையும் மாறும். குறிப்பிட்ட ஓமுக்கென்று வடிவமைத்ததில் வேறு ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் மேல் ட்ரெபிள் கொஞ்சம் தூக்கலாகவோ மந்தமாகவோ ஆகலாம். ஏற்கெனவே என்எஸ்-10 ட்ரெபிளில் கூர்மையான ஸ்பீக்கர். அந்தக் காலத்தில் ட்வீட்டர்மேல் டிஷ்யூ காகிதம் ஒட்டி வேலை செய்தவர்கள் உண்டு. என் காதுக்கு அந்த ஜோடி சேரவில்லை. ஃபில்டரைத் தாண்டி வந்த சிக்னலையே எடுத்துப் பார்த்துத் திருத்திக்கொள்ளும் (ஃபீட்பேக்) வடிவமைப்புகளில் இந்தச் சிக்கல் இல்லை. ஹைபெக்ஸின் என்கோர் மாட்யூல்கள் அப்படிப்பட்டவை. ஆக, கிளாஸ் டி என்றாலே வேண்டாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. இந்தச் சின்ன ஆம்ப்கள் பலவற்றில் ஸ்பீக்கரின் கறுப்பு முனை கிரவுண்ட் அல்ல. சிவப்பு, கறுப்பு இரண்டிலுமே சிக்னல் ஓடும். இரண்டு ஜோடி ஸ்பீக்கர்களை மாற்றி மாற்றிக் கேட்க நான் ஒரு செலக்டர் பெட்டி வாங்கியிருந்தேன். அதற்குள் இடது வலது கறுப்புகள் ஒன்றாக இணைக்கப்பட்டிருந்தன. மாட்டியிருந்தால் இரண்டு சிக்னலும் ஷார்ட் ஆகியிருக்கும். மாட்டுவதற்கு முன் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்ததால் ஆம்ப் பிழைத்தது.

இப்போது தங்கியிருப்பது ஒரு பழைய கிளாஸ் ஏபி பவர் ஆம்ப் (துடிப்புகளாக்காமல் அலையை அப்படியே பெருக்கும் வழக்கமான வகை). 8 ஓமில் 75 வாட், 26 டெசிபெல் கெய்ன், விசிறி இல்லை. பக்கவாட்டில் முழுக்க அலுமினியத் துடுப்புகள், காற்றிலேயே ஆறிக்கொள்ளும். உற்பத்தி நின்ற மாடல் என்பதால் பெயரைவிட இந்தத் தன்மைகள்தான் தேடுபவருக்கு உதவும். பின்னால் பேலன்ஸ்ட் உள்ளீடு (வயரில் ஏறும் இரைச்சலை ரத்துசெய்யும் வகை) இருக்கிறது. ஹைஃபை ஆம்ப்பில் ஆர்சிஏ வயரோடு கணினியை மாட்டியபோது வந்துகொண்டிருந்த ஹம், இதில் எக்ஸ்எல்ஆர் வயர் மாட்டியதும் போயே போய்விட்டது.

வந்தவுடன் வேலை வைத்தது. முகப்புக் குமிழ்கள் திருப்பும்போது கரகரவென்றன. கான்டாக்ட் க்ளீனர் அடித்து இருபது முறை திருப்பியதும் அடங்கின. பழைய ஆம்ப் வாங்கினால் பெரிய கெப்பாசிட்டர்களையும், ஒன்றும் ஓடாதபோது ஸ்பீக்கர் முனையில் எத்தனை டிசி (நேர்மின்னோட்ட) வோல்ட் வருகிறது என்பதையும் தெரிந்தவரிடம் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். சில பத்து மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. வோல்ட் கணக்கில் இருந்தால் மாட்டவே வேண்டாம், பேஸுக்கான பெரிய கூம்பான வூஃபர் எரிந்துபோகும்.

குறைகளும் உண்டு. கனம் அதிகம். சும்மா இருந்தாலும் வெதுவெதுப்பாக இருக்கும், மேலே எதையும் வைக்கக் கூடாது. ட்ரான்ஸ்ஃபார்மரிலிருந்தே லேசான உறுமல் வருகிறது, ஸ்பீக்கர் வழியாக அல்ல, பெட்டியிலிருந்தே. அடியில் ரப்பர் கால் வைத்தேன், பாதி குறைந்தது. மைக்கில் வாசிக்கும்போது அணைத்துவிடுகிறேன்.

ஆனால் குரல் இப்போது நடுவில் ஆணி அடித்தாற்போல் நிற்கிறது. வாசிப்பில் என் மூச்சை எங்கே வெட்டினேன், எங்கே வெட்டாமல் விட்டேன் என்பது குறைந்த சத்தத்திலேயே தெரிகிறது. ரிவர்ப் (எதிரொலிப்பு) முடியும் வால் எங்கே கரைகிறது என்று தேட வால்யூமை ஏற்ற வேண்டியிருக்கவில்லை. மேடை ஆம்ப்பில் அந்த வால் உஸ்ஸுக்குள் மூழ்கிப்போயிருந்ததால்தான் நான் ரிவர்ப்பை எப்போதும் ஒரு சொட்டு கூடுதலாக ஊற்றிக்கொண்டிருந்தேன்.

வயருக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், மூன்று மீட்டர் நீளம், போக வர சேர்த்து 0.04 ஓம்தான். டேம்பிங் ஃபேக்டர் (ஸ்பீக்கரின் ஓமை ஆம்ப் பக்கத்து ஓமால் வகுத்து வரும் எண்) 500, 1000 என்று விளம்பரத்தில் போட்டிருந்தாலும் இந்த 0.04 ஓம் நடுவில் வந்ததும் 200க்குக் கீழே இறங்கிவிடும். அந்த எண்ணைப் பார்த்து ஆம்ப் தேர்ந்தெடுப்பதில் பயனில்லை.

ஆன் செய்யும்போது இன்டர்ஃபேஸ் முதலில், ஆம்ப் கடைசியில். அணைக்கும்போது ஆம்ப் முதலில். மாற்றிச் செய்தால் 'டொப்' என்று வூஃபர் முன்னால் குதிக்கும், இந்த மாடலுக்கு வேறு வூஃபர் கிடைப்பது சிரமம். வீட்டில் வேறு யாராவது தொட்டாலும் தவறக் கூடாதென்று 1, 2 என்று எழுதி சுவிட்ச்களின் பக்கத்திலேயே ஒட்டிவைத்திருக்கிறேன்.